பச்சையம்மன் வரைந்த கரை

கைத்தறி வடிவங்களைத் திருட்டிலிருந்து காப்பதற்கென்றே ஓர் இணையதளம் திறக்கப்பட்டு, அதைக் கவனிக்க ஓர் அலுவலரும் ஓர் ஏசியும் நியமிக்கப்பட்டிருந்தார்கள். ஏசி வேலை செய்தது.

பிள்ளையார்பாளையத்துச் சுகாசினி பட்டுச்சேலைக்குக் கரை வரைபவள். ஆறு மாதம் கட்டத்தாளில் புள்ளி வைத்து, அன்னமும் தாழம்பூவும் பின்னிய ஒரு கரையை வரைந்து, படமெடுத்து, அந்தத் தளத்தில் பதிவும் செய்திருந்தாள். அதே படம், மூலையில் தெரிந்த அவள் கட்டைவிரலைக்கூட வெட்டாமல், அதே தளத்தில் ஜெயக்குமார் ஜவுளிக்கடைக்கென இருந்த பக்கத்தில் 'எங்கள் சொந்தப் படைப்பு' என்று வந்தது. பங்குனிக் கண்காட்சிக்கு அந்தக் கரையைத்தான் நெய்வதென்று அவள் வீட்டு இரண்டு தறியிலும் பாவு ஏற்றியாகிவிட்டது. புகார் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "தங்கள் புகார் கனிவுடன் நிராகரிக்கப்படுகிறது. இவ்வடிவத்தின் உரிமையாளர் பச்சையம்மன். அவர் மட்டுமே புகாரளிக்கலாம். அவரது அனுமதியின்றித் தாங்கள் இதை நெய்யவும் கூடாது. நகல்: ஜெயக்குமார் ஜவுளிக்கடை."

சுகாசினி நேரில் போனாள். அலுவலர் விமல்ராஜ் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்களே படிங்கம்மா."

பதிவுப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற முதல் கட்டத்தில் 'பச்சையம்மன் துணை' என்று இருந்தது. மளிகைச் சீட்டானாலும் உச்சியில் அம்மன் பெயரை எழுதாமல் அவள் கை அடுத்த வரிக்குப் போகாது. தன் பெயரை இரண்டாம் கட்டத்தில் போட்டிருந்தாள். அது 'படிவத்தை நிரப்பியவர்' கட்டம்.

"அது சாமி பேரு சார். வேண்டிக்கினு எழுதினது."

"தளத்துக்கு வேண்டுதல் எல்லாம் தெரியாதும்மா. கட்டத்துல இருக்கிறவங்கதான் உரிமையாளர்."

"அப்போ ஜெயக்குமார் மட்டும் நெய்யலாமா?"

"அவர் மேல உரிமையாளர் புகார் குடுக்கலையே. நீங்க உரிமையாளர் இல்லைங்கறதே உங்க புகாராலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

"அம்மன் வந்து சொல்லணுங்கறீங்க."

"அடையாள அட்டையோட." கொஞ்சம் யோசித்து இரங்கினார். "ஆனா சாமி சட்டப்படி மைனர். காப்பாளர் வந்தாப் போதும்."

மறுநாள் தெருக்கோடிக் கோயில் பூசாரி வீரபத்திரன் விபூதித் தட்டோடு வந்தார். விமல்ராஜ் பயபக்தியோடு பூசிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"மைனரோட வயசு?"

"உலகம் உண்டான நாள்லேர்ந்து கணக்கு வச்சுக்குங்க."

"தகப்பனார் அல்லது கணவர் பேரு?"

"மன்னார்சாமி. கணவர்."

பேனா நின்றது. "மைனருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"வருஷா வருஷம் ஆவுது சார். பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு. போன வருஷம் நீங்க கூட ரெண்டாவது பந்தியில உக்காந்துக்கினு இருந்தீங்க."

ஏசியையும் மீறி விமல்ராஜுக்கு வியர்த்தது. குழந்தைத் திருமணம், அதில் அரசு அலுவலர் பாயசம் குடித்திருக்கிறார், சாட்சி எதிரே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கோப்பு மேலே போகலாமா? அன்று மாலைக்குள் உத்தரவு பிறந்தது. 'பதிவில் நேர்ந்த சிறு பிழை திருத்தப்படுகிறது. உரிமையாளர்: சுகாசினி.' ஜெயக்குமாரின் பக்கமும் தளத்திலிருந்து நீக்கப்பட்டது.

சுகாசினி வீட்டில் தறிகள் ஓடின. கண்காட்சியில் ஆறு சேலைகளை விரித்து, 'வடிவம்: சுகாசினி' என்று அட்டை வைத்தாள். தன் பெயரை அச்சில் பார்க்க அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஜெயக்குமாருக்கு வெட்கமில்லை. முதல் பதிலில் தனக்கு வந்த நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கடை வாசலில் மாட்டியிருந்தார். மேலே போர்டு: 'பச்சையம்மனே வரைந்த கரை. அரசு ஒப்புதல் பெற்றது.' தளத்துப் பக்கத்தை நீக்கலாம். வாசல் போர்டு இணையத்தின் எல்லைக்குள் வராது.

நாத்தனார் மஹாலட்சுமி சுகாசினியின் சேலையைத் தடவிப் பார்த்தாள், கரையை இழுத்துப் பார்த்தாள்.

"அதே கரைதான் அண்ணி. ஆனா இதை நீங்கதானே வரைஞ்சீங்க? அங்க அம்மனே வரைஞ்சுதாம். சம்பந்தி வீட்டுல சொல்லிக்கறாப்பல இருக்கணும் இல்ல?"

போன ஆறு சேலையும் ஆறாகவே வீடு திரும்பின.

திங்கட்கிழமை சுகாசினி விமல்ராஜ் முன்னால் நின்றாள். "சார், அம்மன் பேரையே திரும்பப் போட்டுடுங்க."

"சும்மா மாத்த முடியாதும்மா. அம்மனோட கரையை நீங்க திருடிட்டீங்கன்னு உங்க மேல புகார் வரணும். சாமி சொத்துன்னா பக்தர் யார் வேணும்னாலும் குடுக்கலாம்."

"அன்னிக்கு நானும் பக்தைதானே சார்?"

"அன்னிக்கு நீங்க பக்தைன்னு எழுதலையே. வரைஞ்சவள்னு இல்ல எழுதினீங்க?" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். "கவலைப்படாதீங்க. ஏற்கெனவே நாப்பத்தோரு புகார் வந்திருக்குது. ஜெயக்குமார் கடையில சேலை எடுத்தவங்க எல்லாம் தளத்துல பார்த்திருக்காங்க, அம்மன் பேரு இல்லைன்னதும் மனசு கேக்கலை. மேல இருக்கிறது எங்க வீட்டம்மாது. ரொம்ப உருக்கமா எழுதியிருக்காங்க."

சுகாசினி அதை எடுத்துப் படித்தாள். உருக்கமாகத்தான் இருந்தது.

"ஒரு படிவம் குடுங்க சார்," என்றாள். "நாப்பத்திரெண்டா என்னுதையும் சேர்த்துக்குங்க. நானும் பக்தைதான்."