யார் முதலில் பேசுவது

ஒரு கேபிளை மட்டும் செருகினால் நெட்வொர்க் ஊர்ந்தது. இரண்டையும் செருகினால் படுத்துக்கொண்டது. மாலை ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் நாளை முதல் வெளிக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்வால்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சீனிவாசராகவன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பொம்மசந்திரா தொழிற்சாலையின் ஆபீஸ் கட்டடத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரு சுவிட்ச், எதிரே ஒர்க்‌ஷாப்பில் இன்னொன்று. நடுவே போகும் இரண்டு கேபிள்களையும் ஒரே பாதையாகச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு சுவிட்சும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒன்று பேச்சை ஆரம்பித்தால் போதும், மற்றது காத்திருந்து பதில் சொல்லலாம்.

ஒர்க்‌ஷாப் சுவிட்ச் டென்சிலின் பொறுப்பு. டென்சிலோடு ஓஸ்வால்டு பேசி நான்கு மாதம் ஆகிறது. தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு டென்சில் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று இவனும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடச் சிநேகிதம் இப்படி அற்பமாக முடிந்ததில் ஓஸ்வால்டுக்கு உள்ளூர வருத்தம்தான். ஆனாலும் வலியப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை.

அதனால் டெலிபோன் ஆபரேட்டர் அன்னம்மாளைக் கூப்பிட்டான்.

"டென்சில முதல்ல பேசச் சொல்லுங்கக்கா. நான் வெயிட் பண்றேன்."

சொல்லிவிட்டதாகவும் டென்சில் சரி என்றதாகவும் பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஓஸ்வால்டு தன் சுவிட்சைக் காத்திருக்க வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துப் போட்டான். சேமிக்க மறந்த அமைப்புகள் காணாமல் போய், ஆபீஸுக்குள் ஓடிக்கொண்டிருந்த மெயிலும் நின்றது. அதை மீட்டதும், பேச்சே வேண்டாம் என்று தன் பக்கத்தை மட்டும் வலுக்கட்டாயமாகச் சேர்த்தான். தகவல்கள் இரண்டு கேபிளிலும் சுற்றிச் சுற்றி வந்து ஸ்டோர்ஸ், கேன்டீன், கேட் என்று தொழிற்சாலை முழுவதும் ஸ்தம்பித்தது. ஒரு பக்கம் மட்டும் சேர முடியாது என்பது அவனுக்குப் புரிய இவ்வளவு சேதம் தேவைப்பட்டது. மேனேஜர் வந்து பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி நாலே முக்கால். மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தான்.

டென்சில் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். திரையில் அவனுடைய சுவிட்சும் காத்துக்கொண்டிருந்தது.

"நீயும் வெயிட்டிங்கா மச்சா?"

"நீதான பேசப்போறன்னு அன்னம்மாக்கா சொன்னாங்க."

தன் சுவிட்ச் முதலில் பேசும்படி டென்சில் ஒரு வரியை மாற்றினான். இரண்டு கேபிளும் சேர்ந்துகொண்டன. ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அழைப்பிதழ் தீர்ந்துபோனதையும், வெறுங்கையோடு வந்து கூப்பிடக் கூச்சப்பட்டதையும் டென்சில் தலை குனிந்தபடி சொன்னான். ஓஸ்வால்டு அவன் தோளில் தட்டினான்.

ஆனாலும் பொறுக்கவில்லை. போனை எடுத்து, எந்த சுவிட்ச் முதலில் பேச வேண்டும் என்பதை ஏன் தலைகீழாகச் சொன்னீர்கள் என்று அன்னம்மாளிடம் கேட்டான்.

"சுவிட்சா? நான் உங்க சண்டையச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன். 'நீ மொதல்ல பேசு'ன்னா அவரு முறுக்கிக்குவாரேன்னு, ஓஸ்வால்டே வந்து பேசுவாருன்னு மாத்திச் சொல்லிட்டேன்."