கூப்பிட்டும் போகாத பஸ்

பாதுகாப்பு என்ற சொல்லின் முழுப்பொருளை அறிந்த மனிதர் இந்தப் பாரத தேசத்தில் ஒருவர்தான். அவர் பெயர் சிவப்பிரகாஷ். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் 'வாகனப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்' என்ற மாபெரும் பொறுப்பை வகித்தார். மீதி நேரத்தில் டிரில் வாத்தியார்.

ஒரு நாள் பஸ் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. இந்த ரக பஸ்ஸில் டீசல் குழாய் கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டுகிறது, தீப்பிடிக்கலாம், ஓட்டாதீர்கள், பஸ்ஸைத் திரும்ப அழைக்கிறோம், பட்டறைக்கு அனுப்பினால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்.

சிவப்பிரகாஷ் அந்தத் தகவலோடு பள்ளி மேனேஜர் காளிச்சாமியிடம் ஓடினார். உடனே கமிட்டி கூடியது. கேசரியும் வந்தது.

"ஏனுங்க சிவப்பிரகாஷ், ஒருக்கா கூப்புட்டா ஓடிப் போயிருவமா? கல்யாணத்துக்கே ஊட்டுக்கு வந்து தட்டம் வெச்சுக் கூப்புட்டாத்தானுங்க போறோம்!" என்றார் காளிச்சாமி.

"தீப்புடிக்கும்ங்கறாங்களேங்க..."

"புடிக்கலாம்னுதானுங்க சொல்லீருக்கறாங்க. புடிக்கும்னா சொன்னாங்க?"

இந்த இலக்கண நுட்பத்தில் கமிட்டியே மெய்சிலிர்த்தது. ஆண்டு விழா முடியும்வரை பஸ்ஸை ஓட்டுவது என்றும், 'தீத்தடுப்பு நடவடிக்கை'யாக ஒரு வாளி மணல் வைப்பது என்றும் தீர்மானம் நிறைவேறியது. எஞ்சினை ஒட்டிய முன்சீட்டுகளில் வழக்கமாக உட்காரும் டீச்சர்மார், அன்றே அந்த இடங்களை எல்.கே.ஜி. குழந்தைகளுக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். புகை வருமுன்னே பள்ளிக்குப் புகழ் வந்துவிட்டது.

விஷயம் எப்படியோ கிருத்திகாவின் காதுக்கு எட்டியது. எல்.கே.ஜி. கௌசிக்கின் அம்மா. மறுநாள் பஸ் படியிலேயே சிவப்பிரகாஷை மறித்துக்கொண்டாள்.

"ஏனுங் சார், இந்த வண்டிய ஓட்டவே கூடாதுன்னு கம்பெனிக்காரங்க சொல்லீட்டாங்களாமா?"

"அது சும்மா பொதுவா சொல்றதுங்க. வண்டி நூத்துக்கு நூறு பாதுகாப்புங்க."

"அப்படீங்களா? அப்ப நீங்களும் ஏறுங்க. எஞ்சின் பக்கத்துச் சீட்டுல உக்காருங்க. எம்பட பையன உங்க மடீல வெச்சுட்டுப் போறேன்."

வேறு வழியில்லை, ஏறினார். ஒவ்வொரு குழிக்கும் டீசல் வாசம் கூடியது. குழந்தைகள் பாட்டுப் பாடின.

"சார், உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?" என்றான் கௌசிக்.

"சந்தோசம் கண்ணு."

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தென்னந்தோப்பருகே எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து கரும்புகை கிளம்பியது. டிரைவர் சென்னிமலை பிரேக் போட்டார். அவரும், ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேரும் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார்கள். ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. எஞ்சினில் எஞ்சியது கரி மட்டும்தான்.

ஒருங்கிணைப்பாளர் எங்கே? தோப்பு வாய்க்காலுக்கு அக்கரையில் மூச்சிரைக்க நின்றிருந்தார். கௌசிக் அவரைப் பார்த்துக் குதித்துக் குதித்துக் கைதட்டினான்.

"சார், நீங்கதான் பஸ்ட்டு!"

டிரில் வாத்தியார் அந்தப் பிள்ளையை மடியிலிருந்து எப்போது இறக்கிவிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவேயில்லை.

அன்று மாலையே பாராட்டுக் கூட்டம். "ஆபத்து வந்ததும் மொதல் ஆளா களத்துல எறங்குனவரு நம்ம சிவப்பிரகாஷ்!" என்று காளிச்சாமி பொன்னாடை போர்த்தினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"ஏனுங்க, அதே ரகத்துல நம்மகிட்ட இன்னும் ரெண்டு பஸ் ஓடுதுங்களே..." என்று அவர் காதருகே இழுத்தார் சிவப்பிரகாஷ்.

"அதுக இன்னும் பொகையலீங்களே!"

மறுநாள் காலை அந்த இரண்டு பஸ்களும் குழந்தைகளை நிறைத்துக்கொண்டு புறப்பட்டன. கதவுகளைத் தம் கையாலேயே இழுத்துச் சாத்திக் கொடியசைத்தார் சிவப்பிரகாஷ். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தம் மகள் அனுப்பிரியாவை ஸ்கூட்டரில் பத்திரமாக உட்காரவைத்து, பஸ்கள் கண்ணுக்கு மறைந்தபின் கிளம்பினார்.