தையல்நாயகி எருமையின் அட்டை முகம்

ஒரு காட்டில் தையல்நாயகி என்று ஒரு எருமை இருந்தாள். ஐந்து பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கி அனுப்பியவள். போன பிள்ளைகள் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பதில்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. அதையும் வாய் திறந்து சொல்லமாட்டாள். காலையில் எழுந்ததும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு, மேய்ச்சலுக்கு முன்னால் ஒரு கும்பிடு. அசைபோடும்போதுகூட வாயில் பாதி புல்லாகவும் பாதி சாமி பேராகவும்தான் இருக்கும்.

அவளுக்கு எண்ணெய்ச் சருமம். கொஞ்சநஞ்சம் இல்லை. வெயில் ஏறினால் அவள் நெற்றியில் முகம் பார்க்கலாம். வழியில் போகிற குருவிகள் அவள் முன்னால் நின்று இறகைக் கோதி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். தையல்நாயகி அசையாமல் நிற்பாள். நம்மால் ஒரு ஜீவனுக்கு உபகாரம் என்று நினைத்துக்கொள்வாள்.

எருமைக்குக் கோடையில் குட்டை இல்லாமல் முடியாது. ஒரு வாரம் தண்ணீரில் விழாவிட்டால் தோல் பாளம் பாளமாக வெடித்துவிடும். அந்தக் காட்டில் வற்றாமல் கிடந்தது அல்லிக்குட்டை ஒன்றுதான். அதை விட்டால் ஆறு. ஆற்றில் முதலை.

ஆதியிலிருந்து யார் வேண்டுமானாலும் போய் விழுந்து கிடந்த குட்டைக்குப் போன வருஷம் ஒரு நிர்வாகம் வந்தது. நிர்வாகம் வந்ததும் வேலி வந்தது. வேலி வந்ததும் வாசல் வந்தது. வாசல் வந்த மறுநாள் அங்கே ஒரு மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே போகும்போது அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும், வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். நிர்வாகம் கொடுத்த அட்டையில் இருக்கிற ஃபோட்டோவும் முகமும் பொருந்தினால் பச்சை விளக்கு. பொருந்தாவிட்டால் சிவப்பு. பக்கத்தில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நின்றது. பெயர் நீலமேகம். அதிகாரி.

தையல்நாயகிக்கு எப்போது போனாலும் சிவப்புதான் எரிந்தது.

மெஷின் மேல் தப்பில்லை. அட்டைக்கு ஃபோட்டோ எடுக்கிற முகாம் அந்தக் காட்டில் ஒரே ஒரு நாள்தான் நடந்தது. அன்றைக்கென்று பார்த்து அவளுடைய கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். பார்லர் வைத்திருக்கும் மஞ்சுளா மைனா, "சம்பந்தியம்மா கறுப்பா நின்னா நல்லாவா இருக்கும்?" என்று அவள் நிறத்தை ஏழெட்டுப் படி தூக்கிவிட்டிருந்தாள். கன்னத்தில் ரோஸ், உதட்டில் சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்த இழுப்பில் காது வரைக்கும் வால். தாலி கட்டி முடித்த கையோடு, பந்தி பரிமாறக்கூட நிற்காமல், அப்படியே ஓடிப்போய் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தாள். அட்டை வந்தபோது அதில் பாலில் விழுந்து எழுந்த மாதிரி ஒரு மகராசி இருந்தாள்.

"இது நான்தாம்பா" என்றாள் தையல்நாயகி கொக்கிடம்.

"நீங்க சொன்னாப் போதாதும்மா. மெஷின் சொல்லணும்."

"அப்போ ஃபோட்டோவை மாத்திக் குடுப்பா."

"தாராளமா மாத்தலாம். அட்டையில இருக்கிறவங்க நேர்ல வந்து, 'எனக்கு இந்த முகம் வேண்டாம்'னு எழுதிக் குடுக்கணும்."

"அதான் வந்திருக்கேனே!"

கொக்கு அட்டையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. "அவங்க வரட்டும்" என்றது.

அதோடு விடவில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஒரு தடவையாவது பச்சை விளக்கு எரியாவிட்டால் அட்டையே ரத்தாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பியது. அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. தையல்நாயகியின் முதுகில் ஏற்கனவே இரண்டு இடத்தில் தோல் வெடித்திருந்தது.

நேராக மஞ்சுளா மைனாவிடம் போனாள்.

"அம்மாடி, அன்னைக்குப் போட்ட மூஞ்சியை நாளைக்கும் போட்டு விடு."

"போட்டுடலாம் ஆன்ட்டி. ஆனா கல்யாணத்துல நீங்க நிழல்ல நின்னீங்க, அதுவும் ரெண்டு மணி நேரம். இது வரிசை. கடைசி நாள் வேற, காடே வந்து நிக்கும். காலையில போனா வாசலைத் தொட சாயங்காலம் ஆயிடும். உங்க நெத்திக்கு அவ்வளவு நேரம் எதுவும் தாங்காதே!"

"தாங்குற மாதிரி ஏதாவது பண்ணும்மா. மத்ததை அம்பாள் பார்த்துப்பா."

மறுநாள் விடியும்போதே மைனா ஆரம்பித்துவிட்டாள். முதலில் பயத்தமாவு போட்டு முகத்தைக் கழுவினாள். பனித்துளி உருட்டி ஒத்தடம் கொடுத்தாள், துவாரமெல்லாம் இறுகட்டும் என்று. எண்ணெய் வழிகிறதே என்று க்ரீம் போடாமல் விட்டால் சருமம் கோபித்துக்கொண்டு இன்னும் வழியுமாம். கற்றாழையை மெலிசாகத் தடவினாள். அதற்குமேல் பூச்சு பிடித்து நிற்க ஒரு பிரைமர், அதற்குமேல் நிறத்துக்குப் பவுண்டேஷன், அதுவும் அப்பாமல், ஒற்றி ஒற்றி. பவுடரைத் தேய்க்கவில்லை, அழுத்தினாள். கடைசியில் தூர நின்று சிறகை விசிறி, புஸ் புஸ் என்று ஏதோ ஒரு தண்ணீரைத் தெளித்தாள்.

"இப்போ கேட்டுக்கோங்க. முகத்தைத் தொடக்கூடாது. ஈ உட்கார்ந்தாலும் தலையை ஆட்டக்கூடாது. எண்ணெய் வந்தா மேல மேல பவுடரை அப்பாதீங்க, அது திட்டுத் திட்டா நிக்கும். மெல்லிசுத் தாளை வெச்சு ஒத்தி எடுங்க, அவ்வளவுதான். முக்கியமா அழக்கூடாது."

"நான் எதுக்கும்மா அழப்போறேன்?"

"பிள்ளைங்களைப் பத்தி யாராவது கேட்டா அழுவீங்க, ஆன்ட்டி. எனக்குத் தெரியாதா?"

வரிசை வேப்பமரம் தாண்டி, புற்று தாண்டி, பாறை வரைக்கும் நின்றது. தையல்நாயகி கடைசியில் போய் நின்றாள். ஒற்றுவதற்குத் தாள் கொண்டுவர மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையில் இருந்ததெல்லாம் வாசலில் கொடுக்க வேண்டிய மூன்று பிரதி விண்ணப்பம். எல்லா விண்ணப்பத்தையும் போல அதுவும் வெங்காயத் தோல் மாதிரிதான் இருந்தது. ஒன்று கொடுத்தால் போதாதா என்று அவளாக முடிவு செய்துகொண்டு, ஒன்றை எடுத்து முகத்தில் வைத்து ஒற்றினாள். ஆகா! எண்ணெயை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மேக்கப்பை அப்படியே விட்டது. நிர்வாகம் நல்லதும் செய்கிறது என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக நினைத்தாள்.

அவளுக்குப் பின்னால் வந்து நின்றது பரமசிவம் என்ற முள்ளம்பன்றி. வரிசையில் அவருக்கு முன்னால் நிற்க யாரும் ஒப்பமாட்டார்கள்.

"யாரும்மா அது, வெளியூரா?" என்றார்.

"நான்தாண்ணா, தையல்நாயகி."

"அடடே! என்னம்மா இது, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. குட்டைக்குப் போறேன்."

"குளிக்கப் போறதுக்கா இந்த அலங்காரம்? குளிச்சிட்டு வந்து பண்ணிக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் கன்னத்தில் கோடு விழும். வெயில் உச்சிக்கு ஏறியது. நெற்றி கசிந்தது. ஒற்றினாள். மூக்கு கசிந்தது. ஒற்றினாள். ஒரு ஈ வந்து இமைமேல் உட்கார்ந்து குடும்பம் நடத்தியது. தலையை ஆட்டாமல் மனசுக்குள்ளேயே வேண்டினாள். "தாயே, நான் உன்கிட்ட சொத்து கேட்டதில்ல, சுகம் கேட்டதில்ல. இந்த மாவை மட்டும் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வை. தண்ணியில விழுந்ததும் நீயே எடுத்துக்கோ."

மத்தியானம் பேச்சுக்கு ஆள் இல்லாமல் பரமசிவம் மறுபடி ஆரம்பித்தார்.

"உன் மூத்தவன் தணிகாசலம் டவுன்லதானேம்மா இருக்கான்? வந்துட்டுப் போறானா?"

"டவுன்லதான் அண்ணா. கொட்டகையில ஃபேன் எல்லாம் போட்டிருக்காங்களாம்." அவள் நெற்றியை மறுபடி ஒற்றினாள். "லீவு கிடைக்கலயாம்."

"எத்தனை வருஷமா கிடைக்கல?"

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேற ஏதாவது பேசுங்க. கண்ணுல மை இருக்கு."

முள்ளம்பன்றிக்கு முள்தான் கூர்மை, மனசு மெத்தென்று இருந்தது. உடனே பேச்சை மாற்றி, தன் மைத்துனனோடு நடந்த வேலித் தகராறு பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். அதில் அழுவதற்கு ஒன்றுமே இல்லை. தையல்நாயகிக்கு நிம்மதியாக இருந்தது.

நாலரை மணிக்கு வாசலைத் தொட்டாள். மெஷின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நீளமாக யோசித்தது.

பச்சை.

"வாங்கம்மா, வாங்க!" என்றது நீலமேகம் கொக்கு. நேற்று பார்த்தவள் என்று அதற்குத் தெரியவே இல்லை. "விண்ணப்பம் மூணு பிரதி?"

தையல்நாயகி கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒன்று சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டும் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாகி, நடுவில் அவள் நெற்றியும் மூக்கும் மங்கலாகப் பதிந்து கிடந்தன. வேறு வழியில்லாமல் நீட்டினாள். கொக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது.

"பேஷ்! மூக்கு ரேகை வெச்சே குடுத்துட்டீங்க. உங்களைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்."

உள்ளே போனாள். கரையில் நின்று ஒரு கும்பிடு போட்டாள். பிறகு தொபுக்கடீர் என்று விழுந்தாள்.

ஐயோ, அந்தத் தண்ணீர்! காலையிலிருந்து கட்டிக் காத்த பிரைமர், பவுண்டேஷன், ரோஸ், மை எல்லாம் ஒரு வெள்ளை வட்டமாகக் கிளம்பி அல்லி இலைப் பக்கம் போனது. வெடித்த தோல் வலி மறந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டிக்கொண்டபடியே மாவை அம்பாள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் முகத்தைக் காட்டி வெளியேறினார்கள். கடைசியாகத் தையல்நாயகி வந்து நின்றாள்.

சிவப்பு.

கொக்கு தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைத்துவிட்டது. "யாரும்மா நீங்க? எப்படி உள்ளே வந்தீங்க?"

"நான்தாம்பா. சாயங்காலம் மூக்கு ரேகை வெச்சுக் குடுத்தேனே."

"அது வேற அம்மா. நல்ல சிவப்பா, லட்சணமா இருந்தாங்க. ஆமா, அவங்க எங்கே?"

"அது நான்தான்னு சொல்றேனே. தண்ணியில போயிடுச்சு."

"தண்ணியில போயிட்டாங்களா!" கொக்கு பதிவேட்டைப் புரட்டியது. அதன் கழுத்து நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை. உள்ளே வராதவர் வெளியே போக நிற்கிறார். உள்ளே வந்ததாகப் பதிவே இல்லாத ஒருவரை வெளியே அனுப்பியதாக எப்படிப் பதிவது? நீலமேகத்தின் வேலையே போய்விடும்.

"அம்மா, தயவு பண்ணி நீங்க உள்ளேயே இருங்க. அவங்க கிடைக்கிற வரைக்கும் நீங்க வெளியே போக முடியாது."

தையல்நாயகி பொய் சொல்லத் தெரியாதவள். இரண்டு முறை உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தவள், திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். சரி, மேலே இருப்பவள் சித்தம் என்று மெதுவாக இறங்கிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'காணவில்லை' என்று போட்டு, கல்யாணத்து ஃபோட்டோ. வாரிசுதாரர் ஞாயிறுதோறும் நேரில் வந்து, இன்னும் கிடைக்கவில்லை என்று கையெழுத்திட வேண்டும் என்று டவுனுக்குத் தாக்கீதும் போனது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தணிகாசலம் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்தான். வேலி ஓரமாக வந்தவன் குட்டையைப் பார்த்தான். தண்ணீருக்கு மேலே ஒரு பளபள நெற்றி. மாலை வெயிலில் மின்னியது.

"அம்மா!"

"வந்தியாடா? சாப்பிட்டியா?"

"சார், இதுதான் சார் எங்கம்மா!" என்று கொக்கிடம் ஓடினான்.

"பெத்த பிள்ளை சொன்னாப் போதாது தம்பி. மெஷின் சொல்லணும். நீங்க 'கிடைக்கல'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அடுத்த ஞாயிறு வாங்க."

அவன் வாராவாரம் வந்தான். தங்கைகளையும் கூட்டி வந்தான். எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பொழுது சாயும் வரைக்கும் அம்மாவோடு பேசிவிட்டு, 'கிடைக்கவில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மஞ்சுளா மைனா மட்டும் ஒரு நாள் வேலிமேல் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, சாமானெல்லாம் கொண்டு வந்திருக்கேன். பத்து நிமிஷத்துல அந்த முகத்தைப் போட்டு விட்டுடறேன். வீட்டுக்குப் போயிடலாம்."

தையல்நாயகி கையெடுத்துக் கும்பிட்டாள். "உனக்குக் கோடிப் புண்ணியம்மா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம்."

நீதி: மேக்கப் என்பது வாசல் வரைக்கும் நின்றால் போதும். அதற்குமேலும் கலையாமல் நின்றால் பிள்ளைகள் வந்து பார்க்கமாட்டார்கள்.