மாஸ்டரின் கடைசித் தொட்டி

ஒரு மனிதர் காலமான பிறகு வேலை பார்ப்பதில்லை என்பது அரசும் பொதுமக்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட மிகச் சில உண்மைகளில் ஒன்று. எங்கள் மாஸ்டர் அதையும் மீறிவிட்டார் என்பதுதான் அவர்மேல் வந்த புகார்.

மாஸ்டர் என்றால் பீர் மாஸ்டர். பெரிய கம்பெனி பீர் பிடிக்காமல், கார் ஷெட்டிலும் மாடிப்படிக்கு அடியிலும் சொந்தமாகக் காய்ச்சப் புறப்பட்ட எங்கள் எல்லோரையும் கைபிடித்துப் பழக்கியவர் அவர்தான். யார் வந்து கேட்டாலும் பார்லிச் சாற்றை பீராக்கும் நுண்ணுயிரான தன் ஈஸ்ட்டை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். இன்று ஊரில் நுரைக்கிற பீரில் பாதி அந்த ஜாம் பாட்டிலின் வாரிசு.

திங்கட்கிழமை சாயங்காலம் பார்லியைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, ஈஸ்ட்டைப் போட்டுத் தொட்டியை மூடினார். வீட்டுக்குள் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் நாங்கள் கூடத்தில் அழுதுகொண்டிருந்தபோது, பின்பக்கத்து ஷெட்டில் தொட்டி குபுக் குபுக்கென்று பொங்க ஆரம்பித்தது.

அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அது அவர் போட்டது. நினைவுக் கூட்டத்தன்னிக்கு அவர் சிநேகிதங்க வந்து குடிச்சிட்டுப் போகட்டும். சாக்கடையில கொட்ட மட்டும் விட்டுடாதீங்க."

சொந்தமாகக் காய்ச்சுகிற எங்கள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், கூட்டத்தில் பரிமாற அனுமதி கேட்டு மறுநாளே கலால் அலுவலகத்துக்குப் போனேன்.

அலுவலர் தங்கமான மனிதர். என்னை உட்காரவைத்தார், ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார், தொட்டிக்கு சீல் வைக்க உத்தரவிட்டார்.

"சீல் எதுக்கு சார்? மாஸ்டருக்கு உரிமம் இருந்ததே!"

"இருந்தது. திங்கட்கிழமை அவர் மூடி வச்சப்போ தொட்டியில என்ன இருந்தது?"

"இனிப்புத் தண்ணி மாதிரி இருக்கும் சார். போதையெல்லாம் இருக்காது."

"அப்ப அவர் செஞ்சது இனிப்புத் தண்ணி. அவர்மேல குற்றமில்லை. பீர் ஆனது எப்போ?"

"செவ்வாய்க்கிழமைக்கு மேல."

"அப்போ அவர் எங்கே?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

"ஆக, பீரைச் செஞ்சது யாரு?"

"ஈஸ்ட் சார்."

"அதுக்கு உரிமம் இருக்கா?"

இல்லை. இத்தனை காலமாக எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவரே பெரிய மனது பண்ணி, ஈஸ்ட்டின் பெயரில் விண்ணப்பம் எழுத ஆரம்பித்தார்.

"வயசு?"

"பிறந்து ரெண்டு நாள் ஆகுது."

பேனா நின்றது. "ரெண்டு நாள் குழந்தைக்கு மது உரிமமா? இது உங்களுக்கே நல்லா இருக்கா? மைனர்னா காப்பாளர் வேணும். சொந்தத்துல யாராவது இருக்காங்களா?"

அக்காவை அழைத்துப் போனேன்.

"உங்க பொறுப்புல எத்தனை மைனர்கள்மா?" என்று கேட்டார் அலுவலர்.

"பல கோடி இருக்கும் சார்," என்றேன் நான்.

மாஸ்டர் போன பிறகு அக்கா அன்றுதான் சிரித்தாள். "எனக்குப் பிள்ளை இல்லைன்னு ஊரே வருத்தப்பட்டுச்சு. இப்ப வந்து பார்க்கச் சொல்லுங்க," என்றாள்.

அலுவலர் சிரிக்கவில்லை. 'மேற்படி மைனர்கள் தயாரித்த பானத்தை, காப்பாளர் பொறுப்பிலும் அலுவலர் முன்னிலையிலும் பரிமாறத் தடையில்லை' என்று உத்தரவு வந்தது. சங்கத்தில் அதை வாசித்து வாசித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்கள் நம்மை ஆள்கிறார்கள் என்று ஒரு தீர்மானமும் நிறைவேற்றினோம்.

நினைவுக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அலுவலரும் வந்து சீலை உடைத்துவிட்டு, சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தன் கையால் ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் பீரை அப்படியே குடிப்பது நாகரிகக் குறைவு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், அதில் என்ன வாசம் தட்டுப்படுகிறது என்று அறிவிக்க வேண்டும். எங்கள் சங்கத்துத் தாடிக்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மழையில நனைஞ்ச சைக்கிள் சீட்," என்றார் பரவசமாக. "இல்ல, மூடிக் கிடந்த நூலகம்," என்றார் கண்ணாடிக்காரர். எனக்குப் புதுச் செருப்புக்கடை தட்டுப்பட்டது.

"போதும்," என்றாள் அக்கா. "இன்னிக்கு இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். அவர் இதை ருசி பார்க்காமலே போயிட்டார். நல்லா வந்திருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

நான் தாடிக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் டம்ளருக்குள் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்லி, மற்றவர்கள் இல்லை என்றுவிட்டால்? பெரிய ரசிகர் என்று எடுத்த பெயர் என்னாவது?

சுவரோரமாக இருந்த அலுவலர் டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்தார். "சர்வீஸ் முழுக்க சீல்தாம்மா வச்சிருக்கேன். குடிக்கிறது இதான் முதல் தடவை. ரொம்ப நல்லா இருக்கு," என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "இது என் சொந்தக் கருத்து. அலுவலகக் கருத்து இல்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான். "பிரமாதம்!" என்றார் தாடிக்காரர். "மாஸ்டர் மாஸ்டர்தான்!" என்றார் கண்ணாடிக்காரர். கூடமே கைதட்டியது.

அக்கா அலுவலரின் டம்ளரை மறுபடி நிரப்பினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நல்லா இருக்குன்னு சொல்றதுக்குக்கூட உங்களுக்கு அனுமதி வரணுமாப்பா?" என்று கேட்டாள்.

எல்லோரும் செயலாளரான என்னைப் பார்த்தார்கள். நான் அலுவலரைப் பார்த்தேன்.