சின்னக் கித்தாருக்கு நாலு கம்பி

கர்த்தருக்குள் பிரியமான தம்பி பிரின்ஸுக்கு, தேனியிலிருந்து உன் அக்காள் சுகிர்தம் எழுதிக்கொள்வது. உனக்கும் ஏஞ்சலுக்கும் சமாதானம் உண்டாவதாக. இங்கே நானும் உன் அத்தானும் சினேகாவும் கிருபையால் சுகம். என் முழங்கால் வலியைப் பற்றி எழுதவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது.

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். ஆகையால் எழுதுகிறேன், சினேகா படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். விஷயம் இதுதான். நீ காலேஜ் படிக்கையில் வாங்கி எங்கள் பீரோ மேல் போட்டுவிட்டுப் போன பேஸ் கித்தாருக்கு, வருகிற சனிக்கிழமைக்குள் நாலு கம்பி வேண்டும். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் பண்டிகை. என்னைப்போலவே சினேகாவுக்கும் குரல் கிடையாது. பேஸ் இருப்பதால்தான் பாடகர் குழுவில் அவளுக்கு ஒரு நாற்காலி. ஒரு வருஷமாகப் போனைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்ட பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன் சுருதி சேர்க்கும்போது, துருப்பிடித்திருந்த தடிக் கம்பி அறுந்துவிட்டது. பாடகர் குழுவை நடத்துகிற அஜய்குமாரை உனக்குத் தெரியும், கீபோர்டும் அவர்தான். அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா பேஸ் தானா வருதுக்கா. பண்டிகைக்குள்ள கம்பி கெடைக்கலைன்னா விட்ருங்க. பாப்பா இனிமே பொம்பளைக வரிசையில நின்னு கைதட்டட்டும்." இனிமேல் என்றாரே, அந்தச் சொல்தான் சினேகாவுக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது.

முதலில் பஜாரில் லிங்கேஸ்வரன் கடைக்குப் போனேன். மேளத்துக்குத் தோல், நாயனத்துக்குச் சீவாளி எல்லாம் வைத்திருக்கிறவர், கம்பி இருக்காதா என்று ஒரு நம்பிக்கை. அவர் ஆறு கம்பி உள்ள ஒரு கவரைக் கொடுத்து, "கித்தாருன்னா கித்தாருதானக்கா. நாலு மாட்டுனது போக ரெண்டு மிச்சம், அறுந்தா ஆகும்" என்றார். நானும் சிக்கனமாகத்தான் இருக்கிறது என்று வாங்கி வந்தேன். மாட்டித் தட்டினால் கனமான பேஸ் சத்தம் வரவில்லை, கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன், "பிரிச்சிட்டீகளேக்கா" என்றார். பிரிக்காமல் எப்படி மாட்டுவது என்று கேட்டேன், அதற்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து உன் அத்தானை மதுரைக்கு அனுப்பினேன். ஆண்டிபட்டி தாண்டும் வரை நின்றுகொண்டே போனார்களாம், அதை மூன்று நாள் சொன்னார்கள். கொண்டுவந்தது சரியான பேஸ் கம்பிதான், ஆனால் பெரிய கித்தாருக்கு உள்ளது. உன்னுடையது சின்னது என்று எங்களுக்கு யார் சொன்னது? கம்பி முனையில் மெலிகிற பாகத்தைத்தான் கித்தார்த் தலையில் உள்ள முறுக்காணியில் சுற்ற வேண்டுமாம். இதில் தடிப் பாகமே ஆணி வரை வந்து, வளைய மாட்டேன் என்று நின்றது. நீளமாக இருந்தால் வெட்டுவதுதானே வழக்கம், துணியை வெட்டுகிறோம், தாம்புக் கயிற்றை வெட்டுகிறோம். நம் மளிகைக் கடைக் கத்தரியால் நானே வெட்டினேன். மேலே சுற்றியிருந்த கம்பி பிரிந்து, அச்சிலிருந்து இடியாப்பம் விழுகிற மாதிரி தரையில் விழுந்தது. சினேகா குனிந்து அதைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் ஜெபித்துவிட்டு, ஜாக்கெட் தைக்கிற டேப்பை எடுத்துக் கித்தாரை அளந்தேன். இந்த முனையில் இருக்கிற எலும்புத் துண்டிலிருந்து அந்த முனையில் கம்பி உட்காருகிற இரும்பு வரை முப்பது அங்குலம். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நீயும் எழுதிக்கொள். சினேகா அந்த அளவைப் போட்டுப் போனில் தேடிச் சரியான கம்பியை வரவழைத்தாள். முந்தாநாள் சனிக்கிழமை பொட்டலம் சரியாக நம் கடைக்கு வந்து சேர்ந்தது. அங்கே நான் இல்லை, உன் அத்தான் இருந்தார்கள்.

நேற்று ஞாயிறு, சபையில் அறுப்பின் பண்டிகை. எல்லாரும் பூசணி, சேவல், வாழைத்தார் என்று பீடத்தில் வைக்க, அதை ஏலம் விடுவார்கள் இல்லையா, நம் கடையிலிருந்து வருஷாவருஷம் பிரிக்காத பொட்டலம் ஒன்று வைப்போம், உள்ளே என்னவென்று சொல்ல மாட்டோம். போன வருஷம் முந்திரியும் போடி ஏலக்காயும் இருந்தது. இந்த வருஷம் நான் கட்டி வைத்த பொட்டலம் மேசையிலேயே கிடக்கிறது, அத்தான் அவசரத்தில் பக்கத்தில் இருந்த கம்பிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்துவிட்டார்கள். ஏலக்காரர் உன் அத்தான் பெயரைச் சொல்லி, "பலவேசம் கடைப் பொட்டலம், உள்ள என்னன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்று தூக்கிக் காட்டியபோதுதான் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. ஏலம் கேட்கக் கையைத் தூக்கினேன், அத்தான் பிடித்து இறக்கினார்கள். "நம்ம குடுத்தத நாமளே கேக்கப்படாது சுகிர்தம், சபையில என்ன நெனப்பாக?" "அதுக்குள்ள இருக்கிறது கம்பிங்க." "கம்பியோ கல்லோ, பீடத்துல வச்சாச்சுல்ல?" என் மகளுடைய நாற்காலி விலை ஏறிக்கொண்டே போனதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கடைசியில் எடுத்தது யார் தெரியுமா? அஜய்குமார். முந்திரி என்று நினைத்து, "எங்கம்மா கையால பிரிக்கட்டும்" என்று வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். காணிக்கையைத் திருப்பிக் கேட்கிற குடும்பம் என்று பெயர் வாங்க எனக்குப் பெலன் இல்லை. சினேகா கித்தாரைப் போர்வையில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டாள்.

ஆகையால் தம்பி, பெங்களூரில் பெரிய கடைகள் இருக்கும். முப்பது அங்குலம், சின்ன பேஸ், நாலு கம்பி. மூன்றும் சொல்லி வாங்கு. எதையும் வெட்டாதே.

தினமும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன், ஏஞ்சல் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன் என்று அவளிடம் சொல். உன் வேலையும் வீடும் ஆசீர்வதிக்கப்படட்டும்.

அன்புள்ள அக்காள்,
சுகிர்தம்

பின்குறிப்பு: சினேகா இன்னும் படமெடுக்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. கம்பி வாங்க வேண்டாம். இன்று சாயங்காலம் அஜய்குமார் கம்பியோடு வந்து நின்றார். "பட்டன் போதும்னு பேசுனேன்லக்கா, ஆண்டவரு கம்பியவே காசு குடுத்து வாங்க வச்சிட்டாரு" என்று தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே மாட்டினார். அளவு கச்சிதம். சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க ஆரம்பித்தவர் இரண்டு மணி நேரம் கீழே வைக்கவில்லை, நான் தோசை சுட்டுக் கொடுத்தேன், இடது கையால் சாப்பிடப் பார்த்தார். பீடத்தில் எடுத்த கம்பியைத் தானே வாசிப்பதுதான் முறை என்று கித்தாரைக் கையோடு கொண்டுபோய்விட்டார், உன்னைக் கேட்காமல் கொடுத்ததை மன்னித்துக்கொள். அப்படியானால் கீபோர்டுக்கு யார் என்று கேட்டேன். சினேகாதானாம். இனிமேல் அவள் தலையசைத்தால்தான் அவரே ஆரம்பிக்க வேண்டுமாம். பிள்ளை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, இப்போது சாப்பாட்டு மேசையில் விரலால் வாசித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பழக அங்கே ஒரு கீபோர்டு விசாரித்து வை, சனிக்கிழமைக்குள் வந்தால் போதும். அதில் கம்பி கிடையாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.