பிரேசிலுக்கு ஏன் வரமாட்டோம் என்றால்

மார் தெல் பிளாத்தா,
ஜனவரி 21, பிற்பகல்.

மிகுந்த மதிப்புக்கும் அதைவிட ஒரு சிட்டிகை குறைந்த அன்புக்கும் உரிய மைத்துனன் ஃபெர்மினுக்கு,

உன் அத்தான் அன்செல்மோ எழுதுவது. பிரேசில் வெயிலில் உரிந்த தோலெல்லாம் மறுபடி முளைத்து, நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத்தான் கடல் எடுத்துக்கொண்டது. உன் அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், ஆகவே வரிகள் மேலே ஏறினால் அது என் குற்றமல்ல. நாளை ஊர் திரும்பும், கடற்கரையில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் இதை உன் வீட்டில் சேர்ப்பார். அவருக்கு ஒரு காப்பியாவது கொடு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அடுத்த ஜனவரியில் உங்களோடு நாங்களும் பிரேசிலுக்கு வருவதானால், அங்கே வீட்டை வாடகைக்கு விடும் தோனா இராசியிடம் எங்கள் இரண்டு பெயரையும் இப்போதே கொடுத்தாக வேண்டும். விஷயம் உல்லாசம் மட்டுமல்ல என்பது எனக்கும் தெரியும். உன் அக்கா மிர்த்தாவின் வலது தோள் இறுகிக்கொண்டு வருகிறது. வெதுவெதுப்பான கடலில் தினமும் கழுத்தளவு நின்றால் இளகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் கடலில் கழுத்தளவு நின்றால் வலிக்கிற தோளுக்குத் துணையாக வலிக்காத தோளும் வலிக்கும். உன் அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீயே முடிவு பண்ணு, கிழவா" என்று சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னை இதைவிட அதிகமாகப் பயமுறுத்திய வாக்கியம் கிடையாது.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரைக் கூடாரத்தின் இந்த வருட வாடகையை எழுத மாட்டேன், எழுதினாலும் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது பழைய விலை ஆகிவிடும். கவுன்டரில் இருந்த பெண் அந்த எண்ணை உச்சரித்தபோது, சவ ஊர்வலம் கடந்து போகிற மாதிரி நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அதே பணத்தில் நீ விமானத்தில் பறந்து, இறால் தின்று, காலையில் பப்பாளிப்பழத்தோடு பலகாரமும் முடித்துவிட்டு வந்தாய். ஒப்புக்கொள்கிறேன். நான்கு கட்டையும் ஒரு கித்தானும் மனிதனிடம் இவ்வளவு கேட்க முடியும் என்பதே எனக்கு ஒரு அதிசயமாகத்தான் இருந்தது. "இந்த வருஷம் என்னம்மா புதுசு?" என்று கேட்டேன். "கூடாரம் எல்லாம் வெள்ளையாக்கிட்டோம் சார். நம்பரையும் எடுத்துட்டோம். நம்பர் இருந்தா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குதுன்னு டிசைனர் சொன்னாரு" என்றாள். போன வருடம் வரை நீலக் கோடு, நெற்றியில் எண், எங்களுடையது நூற்றுப் பதினான்கு. இந்த வருடம் போய்ப் பார்க்கிறேன், நானூறு கூடாரம், நானூறும் வெள்ளை, ஒன்றுக்கொன்று ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. வாய்பிளந்து நின்றேன் ஃபெர்மின். இவ்வளவு அழகான ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை.

முதல் நாள் காற்று. இரண்டாம் நாள் அதைவிடக் காற்று. மூன்றாம் நாள் நான் கடலில் இறங்கினேன், ஓர் அலை வந்து என்னைக் கவிழ்த்துக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மணலில் உருட்டியது, எழுந்து வந்தபோது ரொட்டித்தூளில் புரட்டிய மிலனேசா இறைச்சித் துண்டாக இருந்தேன், எண்ணெயில் போடுவதுதான் பாக்கி. மிர்த்தா கணுக்கால் வரை நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரும் அவளும் அதற்கு மேல் நெருங்குவதில்லை என்று ரொம்ப நாளாக ஒரு உடன்பாடு.

இனி நேற்று நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மாலை நான்கு மணி. மாத்தே இலையில் ஊற்றிக் குடிக்கச் சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது, நான் தெர்மாஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்பினேன். கண்ணாடி இல்லை. ஆனால் டெம்பெர்லி ஜங்ஷன் சிக்னல் அறையில் முப்பத்து நான்கு வருடம் நின்றவன் நான். பதினோரு தண்டவாளம், எந்த வண்டி எதில் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வலப்பக்கத்திலிருந்து ஏழாவது வரிசை, ஆறாவது கூடாரம், எண்ணிப் பார்த்து உள்ளே நுழைந்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே நாலைந்து மங்கலான உருவங்கள். மிர்த்தா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு கை தெர்மாஸை வாங்கிக்கொண்டது, இன்னொரு கை மாத்தே சுரைக்குடுக்கையை நீட்டியது. குடித்தேன். நன்றி என்று சொன்னால் போதும் என்று ஆகிவிடும், நான் சொல்லவில்லை, ஆகவே அது சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. டாலரைப் பற்றிப் பேசினார்கள், நானும் பேசினேன். யாருக்கோ கல்யாணம் முறிந்ததாம், நானும் வருத்தப்பட்டேன். மூன்றாவது சுற்றில் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"ஏய், உங்க பெரியப்பா வர்றாருன்னு ஏன் முன்னாடியே சொல்லல?"

"எங்க பெரியப்பாவா? உங்க மாமான்னுல்ல நெனச்சேன்" என்றது ஓர் ஆண் குரல்.

"எங்க மாமா செத்து நாலு வருஷமாச்சு, நாசரேனோ."

 எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருக்கும் என்று ஊகித்தேன். நான் எழுந்து, தொப்பியைக் கழற்றி, பெயர் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

"சுடுதண்ணியோட வர்றவரை யாரு என்னன்னு கேப்பா? உக்காருங்க, இன்னொண்ணு குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண்.

உட்காரவில்லை. நூற்றுப் பதினான்கு எங்கே என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். அது எங்கே என்று மேனேஜருக்கே தெரியாதாம். போன் இருக்கிறதா என்றார்கள். போன் எங்கள் கூடாரத்துப் பையில். மிர்த்தாவின் நம்பராவது சொல்லுங்கள் என்றார்கள். என் போனில் அவள் படம் இருக்கும், அதை அழுத்துவேன், நம்பர் எனக்கு எதற்கு? சரி, நானே போய்க்கொள்கிறேன் என்று புறப்பட்டேன். வெள்ளைக் கூடாரங்களுக்கு நடுவே நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி அதே மாத்தேக் கும்பலின் முன் வந்து நின்றேன். மச்சான், அப்போது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.  அறுபத்தொன்பது வயதில், நானூறு வெள்ளைக் கித்தானுக்கு நடுவில், நம்முடையவர்கள் எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறார்கள், எப்படிப் போவது என்று தெரியவில்லை.

நாசரேனோ என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் ரொசாரியோவில் பேக்கரி வைத்திருக்கிறவன், அலமாரி அளவு ஆள். என் முன்னால் குனிந்து உட்கார்ந்தான்.

"ஏறுங்க பெரியவரே."

"எங்க ஏறுறது?"

"தோள்மேல. குழந்தை காணாமப் போனா என்ன செய்வோம்? தோள்ல வச்சுக்கிட்டு, தாய் வர்ற வரைக்கும் கைதட்டிட்டே போவோம்ல? அதேதான்."

"எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு தம்பி."

"மாவு மூட்டை அம்பது கிலோ. நீங்க அதுக்கு மேல கொஞ்சம்தான் இருப்பீங்க. ஏறுங்க, வீட்டம்மா தேடிட்டு இருப்பாங்க."

ஏறினேன். எழுந்து நின்றான். தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினான். அவன் மனைவி தட்டினாள். பக்கத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நால்வர் திரும்பிப் பார்த்து, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டினார்கள். முதலில் சிரிப்புதான். "எவ்வளவு பெரிய குழந்தை பாரு" என்றான் ஒருவன். "பால் குடுத்தீங்களா?" என்றாள் ஒருத்தி. காது சிவந்துவிட்டது, இறக்கிவிடு என்று நாசரேனோவின் மண்டையில் தட்டினேன். பிறகு சிரிப்பு எப்போது அடங்கியதென்று தெரியாது. கைதட்டல் மட்டும் ஒரே தாளத்தில் வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டே போனது. நாங்கள் போகாத இடத்துக்கும் எங்களுக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்தது. சுரோ என்ற எண்ணெய்ப் பலகாரம் விற்கிறவன் கூடையை மணலில் வைத்துவிட்டுத் தட்டினான், சர்க்கரை மணம் என் மூக்குக்கு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களும் திரும்பி நின்று தட்டினார்கள், ஈரக் கைகள் தட்டுகிற சத்தமே வேறு. எனக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை. நிறங்களும் சத்தமும்தான். ஆயிரம் பேர் இருக்கும், இரண்டாயிரம்கூட இருக்கும், எல்லோரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒரு கிழவன் யாருடையவன் என்று கடற்கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறு வயதிலிருந்து இப்படித் தட்டியிருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு. மேலே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக, நாசரேனோவின் காதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச தூரம் போனதும் கூட்டம் விலகியது. உன் அக்காவின் குரல் கேட்டது. ஓடிவந்த மூச்சு.

"இது எங்க கெடைச்சுது?" என்று நாசரேனோவைக் கேட்டாள்.

"எங்க கூடாரத்துல மாத்தே குடிச்சிட்டு இருந்தாரும்மா."

"எத்தனை?"

"மூணு."

"நன்றின்னு சொன்னாரா?"

"சொல்லவே இல்லைம்மா."

"அப்ப என்னோடதுதான். எறக்கிவிடு தம்பி" என்றாள்.

நான் இறங்கி அவள் முன் நின்றதும், கடற்கரையில் எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, நான் ஓய்வு பெற்ற நாளில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த கைக்கடிகாரமெல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை. மிர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள், கூடாரம் வரை விடவில்லை. போன வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் என் முதுகில் தட்டினார்கள். ஒருத்தி ஒரு சுரோ கொடுத்தாள். நாசரேனோ குடும்பத்தார் இன்று மத்தியானம் எங்கள் கூடாரத்துக்குச் சாப்பிட வந்தார்கள். வழி தெரிய, கூடாரத்தின் மேல் என் சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தேன். மேனேஜர் வந்து அவிழ்க்கச் சொன்னான். அக்கம்பக்கத்தார் பதினான்கு பேர் அங்கேயே ஆளுக்கொரு துண்டைக் கட்டிவிட்டார்கள்.

ஆகவே, மைத்துனா, யோசித்து எழுதுகிறேன். உன் கடல் வெதுவெதுப்பானது, உன் இறால் பெரியது, உன் பப்பாளி இனிப்பு, அத்தனையும் மலிவு. மறுக்கவில்லை. ஆனால் அங்கே நான் தொலைந்து போனால் போலீசுக்குத்தான் போன் செய்வார்கள். ஒரு ஊரே கையைத் தட்டி என்னைத் தேட இங்கேதான் முடியும், அதற்கு அந்தப் பெண் சொன்ன வாடகை அதிகமில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாளைக் காலை கவுன்டருக்குப் போய் அடுத்த வருடத்துக்கும் கூடாரத்தை எங்கள் பெயரில் வைக்கச் சொல்லப் போகிறேன். தோளுக்கு வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம். தோனா இராசியிடம் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடு.

உன் மனைவிக்கு என் வணக்கம். பிள்ளைகள் மணலும் உப்பும் படாத நீண்ட ஆயுளோடு, படிப்பிலும் பந்திலும் தோற்காமல் இருக்கட்டும். உன் புதுக் காரில் கீறல் விழாமல் இருக்கட்டும், விழுந்தாலும் அடுத்தவன் காப்பீட்டில் விழட்டும்.

என்றும் உன் அத்தான்,
அன்செல்மோ பாலியாரோ,
காணாமல் போய்க் கிடைத்தவன்.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை மிர்த்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.  கடைசி வரி வரை கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, கிழவா. ஆனா ஒண்ணு உனக்குத் தெரியாது" என்றாள்.

"என்ன?"

"மொதல்ல சத்தம் கேட்டப்போ எந்தத் தாய் தவிக்கிறாளோன்னு நானும் தட்டப் பாத்தேன். வலது கை இடுப்புக்கு மேல வரல. இடது கையால தொடையில தட்டிட்டே வந்தேன். அப்புறம்தான் மேல உக்காந்திருக்கிறது நீன்னு தெரிஞ்சுது. அப்பவும் தொடையிலதான் தட்ட முடிஞ்சுது. உனக்குக் கண்ணாடி இல்ல, பாத்திருக்க மாட்ட."

 ஆனாலும் பிடிவாதக்காரன் அல்லவா, கேட்டேன்: "அங்க நான் தொலைஞ்சு போனா யாரு கைதட்டுவா?"

"நான் ஒருத்தி தட்டினா போதாதா? அதுக்கு மொதல்ல இந்தக் கை மேல வரணும்" என்றாள்.

மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், ஃபெர்மின். தோனா இராசியிடம் இரண்டு பெயரையும் இன்றே கொடு. மிர்த்தாவின் பெயரை முதலில் எழுதச் சொல்.