பாய்ச்சல் அண்ணையும் பஞ்சமிப் பிரேதமும்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நேர்கோட்டில் போன மனிதர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் ஒழுங்கை வளைகிற இடத்தில் வளைந்து, மதில் முடிகிற இடத்தில் திரும்பி, படலை இருக்கிற இடத்தில் நுழைந்து, அப்படியே வாழ்ந்து முடிக்கிறார்கள். பாய்ச்சல் அண்ணை அப்படியல்ல. போக வேண்டிய வீடு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையைப் பார்த்து நடப்பார். இடையில் மதில் வந்தால் ஏறுவார். கிணற்றுக்கட்டு வந்தால் தாவுவார். மாட்டுக்கொட்டில் வந்தால் கூரையால் போவார். மாடு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த வளவில் நிற்பார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அது தேவைப்படவில்லை.

புத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் அவர் வாடகைக்கு இருந்தார். வேலை, அச்சுவேலியில் ஒரு மலர்ச்சாலையில். பிரேதப் பெட்டி ஏற்றுவது, இறக்குவது, பூ வைத்துச் சோடிப்பது, பிறகு வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக வாகனத்துக்குப் பக்கத்தில் துக்கத்தோடு நிற்பது. அந்தத் துக்கத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம். பின்னேரம் வேலை முடிந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இருக்கும் கூரையில்லாத வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார். கூரை சண்டைக் காலத்தில் போனது, சுவர்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சுவர்களில்தான் பாய்ச்சல் அண்ணை பார்க்கூர் பழகினார். கைபேசியில் வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு அது. ஓடி வந்து சுவரில் கால் வைத்து ஏறுவது, யன்னல் ஓட்டையால் உடம்பை விட்டு எடுப்பது, மேலேயிருந்து குதித்து நிலத்தில் உருண்டு எழும்புவது. கயிறு இல்லை, ஏணி இல்லை, பந்தும் இல்லை.

முதல் தரம் பார்த்த அன்று அம்மா விசாரணை நடத்தினார்.

“உது என்ன விளையாட்டு தம்பி? ஆரோடை போட்டி?”

“ஒருத்தரோடையும் இல்லையம்மா.”

“அப்ப ஆர் வெல்லுறது?”

“ஒருத்தரும் வெல்லுறேல்லை.”

“விழுந்தால்?”

“விழுந்தால் நான் மட்டும் விழுவன்.”

அம்மா என்னைப் பார்த்தார். இப்படியான விஷயங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு வீட்டில் எனக்குத்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை கண்ட முதல் ஆள் நான். கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆளும் நான். இதை எந்தக் கட்டுரையிலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

“பிரான்சிலை தொடங்கினது அம்மா,” என்றேன்.

“பிரான்சிலை எங்கடை சனம் நல்லாத்தானே இருக்குதுகள். அவைக்கு ஏன் மதில் பாயிற நிலைமை?” என்றார் அம்மா.

எனக்கும் விளங்காமல்தான் இருந்தது. ஒரு நாள் பாய்ச்சல் அண்ணையிடமே கேட்டேன். உள்ளங்கையில் ஏறியிருந்த சீமெந்துச் சிராயைக் கிண்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்.

“நடக்கேக்கை எல்லாம் நினைவு வருது பிள்ளை. பாயேக்கை காலை எங்கை வைக்கிறதெண்டு மட்டுந்தான் வரும்.”

அவருடைய வீட்டார் எல்லோரும் வன்னியில் ஒரே பதுங்குகுழியில் போனவர்கள் என்பதை மலர்ச்சாலைக்காரர் ஒருமுறை அம்மாவிடம் சொல்லியிருந்தார். பிறகு நான் கேட்கவில்லை.

ஒழுங்கை முதலில் அவரைக் கள்ளன் என்றது. ஒன்றும் களவு போகாததால் அந்தக் கதை தங்கவில்லை. பிறகு பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டைத் தேடிப் பாய்கிறான் என்றது. அவர் பாய்ந்த வீடுகளில் பாதி ஆளில்லாத வீடுகள் என்பதால் அதுவும் தங்கவில்லை. கடைசியில் தங்குகிற கதை ஒன்று தானாகவே வந்து வாய்த்தது.

மூன்றாம் வீட்டில் ஒரு கிழவி படுக்கையில் கிடந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். வேலை முடிந்து நேர்கோட்டில் வந்த பாய்ச்சல் அண்ணை ஒரு பின்னேரம் அந்த வீட்டு மதிலால் குதித்து, கிழவியின் யன்னலுக்கு நேரே வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக எழும்பி நின்றிருக்கிறார். கிழவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டாராம்.

“பிள்ளை, பெட்டிக்காரன் அளவெடுக்க வந்திட்டான். எனக்கு முதல் அவனுக்கு ஆரடி சொன்னது?”

அந்தக் கிழமைக்குள் கிழவி போய்விட்டார். அதற்குப் பிறகு ஒழுங்கையில் நாய் செத்தாலும், பப்பாசி மரம் பட்டுப்போனாலும், ஒருவருடைய தண்ணீர்ப் பம்பு எரிந்தாலும், பாய்ச்சல் எந்தப் பக்கத்தால் பாய்ந்தது என்றுதான் கேட்டார்கள்.

இந்த விசாரணைகளுக்குத் தலைமை கந்தோர் ஐயா. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அவருடைய வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கப் போவார். பின்வழியால் போய்ப் பின்வழியால் வருவார். முன்படலையால் எங்கள் ஆட்கள் போன வழக்கம் இல்லை. பாய்ச்சல் அண்ணையைத் தடுப்பதற்காகக் கந்தோர் ஐயா தன் மதிலின் மேல் போத்தல் துண்டு பதித்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனிதர், சைக்கிளில் உரப்பையைக் கட்டிக்கொண்டு தவறணை வாசலில் வெறும் போத்தல் பொறுக்கினார். அவர் மனமுடைந்து குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று அச்சுவேலிச் சந்தை வரை கதை போனது. மதில் முடிந்த மறுநாள் பாய்ச்சல் அண்ணை அந்தத் துண்டுகளுக்கு இடையில் ஒரு கையை வைத்துத் தாண்டிப் போனார்.

அடுத்த நாள் கந்தோர் ஐயா எங்கள் படலைக்கு வெளியே வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார். உள்ளே வரவில்லை.

“பூமணி, உவனை இந்த மாசத்தோடை எழுப்பிப் போடு.”

“எங்கை ஐயா போவான்? பிரேதப் பெட்டி தூக்கிற வேலையெண்டாலே ஒருத்தரும் அறை குடுக்கினமில்லை.”

“அது உன்ரை யோசினையில்லை. வாசிகசாலையிலை எல்லாரும் கதைச்சு முடிச்சாச்சு. நீ எழுப்பாட்டி நாங்கள் வந்து சாமானைத் தூக்கி வெளியிலை வைப்பம். களை பிடுங்கவும் நான் வேறை ஆள் பாப்பன்.”

“வேறை ஆளையே பாருங்கோ ஐயா. அம்மா இனி வரமாட்டா,” என்றேன் நான். எனக்குப் பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்திருந்த நேரம் அது.

“பிள்ளை பெரிய படிப்புப் படிச்சிட்டா.”

“ஓம் ஐயா. படிச்சிட்டன்.”

பாய்ச்சல் அண்ணை இதையெல்லாம் அறைக்குள் இருந்து கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து பின்னேரங்களில் பாயாமல், சைக்கிளில் அறை தேடி அலைந்தார். எங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்கும் கிடைக்கவில்லை. அளவெட்டியில் ஒரு வீட்டுக்காரி சம்மதித்தாராம். ஆனால் நடக்கேலாமல் கிடந்த அவருடைய புருசன் இவரைக் கண்டதும் அழத் தொடங்கியதில் அதுவும் இல்லையென்றாயிற்று. எங்கள் அறையும் போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

மாத முடிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கந்தோர் ஐயா செத்துப் போனார். நெஞ்சடைப்பு. பாய்ச்சல் அண்ணை அறை தேடி அலைந்துகொண்டிருந்ததால் அந்த வளவுப் பக்கமே போகாத நாள்கள் அவை. ஆனாலும் செத்தவீட்டில் முதலில் அடிபட்டது அவருடைய பெயர்தான்.

கந்தோர் ஐயா பஞ்சமியில் செத்திருந்தார். பஞ்சமியில் செத்தவரின் பிரேதத்தைப் படலையால் எடுக்கக்கூடாது. வேலியைப் பிரித்து அந்த வழியால்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் அதே படலையால் திரும்பி வந்து வீட்டில் இன்னோர் உயிரையும் கூட்டிக்கொண்டு போவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தென்னோலைக் கிடுகு வேலிக் காலத்தில் இது கத்தி ஒன்றுடன் முடிகிற வேலை. இப்போது எல்லோரும் மதில் கட்டிவிட்டோம். மதில் கட்டும்போது பஞ்சமியை ஒருவரும் நினைக்கவில்லை.

கந்தோர் ஐயாவின் வடக்கு மதில் எல்லை வழக்கில் இருந்தது. அதில் ஒரு கல்லைத் தொட்டாலும் வழக்குத் தோற்கும். தெற்கு மதில் கோயிலுக்குச் சொந்தம். பின்மதிலோடு ஒட்டினபடி கிணறு. மிச்சம், ஒழுங்கைப் பக்கத்து முன்மதில். அது கனடா மகன் காசு அனுப்பி, சீமெந்தில் தாமரையும் அன்னமும் வைத்துக் கட்டுவித்தது. மகன் செத்தவீட்டுக்கு வரவில்லை. வீடியோக்காரரின் கைபேசிக்குள் நின்றார்.

“மதிலிலை கை வைக்க வேண்டாம். அந்த அன்னத்தின்ரை அச்சு இப்ப ஒருத்தரிட்டையும் இல்லை.”

“தம்பி, பஞ்சமியடா,” என்றார் மதிலை உடைக்க அலவாங்கோடு நின்ற பெரியவர்.

“விளங்குது. ஆனால் அன்னத்தை ஆர் திருப்பிச் செய்யிறது?”

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு கந்தோர் ஐயாவின் மகள் மாலா அக்கா நின்றார். கலியாணம் முடித்துப் பல வருசம் காத்திருந்து அப்போதுதான் அவருக்கு வயிற்றில் பிள்ளை, ஏழாம் மாசம். வீட்டில் இன்னோர் உயிர் என்று சனம் கதைக்கும்போது எல்லோருடைய கண்ணும் அவருடைய வயிற்றுக்குத்தான் போனது. அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, படலையடியில் மலர்ச்சாலை வாகனத்தோடு வந்து நின்ற பாய்ச்சல் அண்ணையிடம் நேராகப் போனார்.

“தம்பி, நீங்கள்தானே மதிலாலை போறனீங்கள். அப்பாவையும் அப்பிடியே கொண்டுபோங்கோ.”

“நான் பாய்ஞ்சால் சாவு வருமெண்டு கதைக்கினம் அக்கா.”

“வந்திட்டுது தானே தம்பி. இனி ஒண்டு வராமல் பாருங்கோ.”

பாய்ச்சல் அண்ணை சப்பாத்தைக் கழற்றினார்.

போத்தல் துண்டுகளின் மேல் இரண்டு தும்பு மெத்தை போட்டார்கள். உள்ளே மேசையில் நான்கு பேர். வெளியே ஒழுங்கையில், வாசிகசாலையிலிருந்து கொண்டுவந்த நீள வாங்குகளில் ஏறி நின்று நான்கு பேர். மதிலின் உச்சியில், குதிரையில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டுக்கொண்டு பாய்ச்சல் அண்ணை. பெட்டி மேலே வந்த நேரத்தில், தலைமாடு முதலில் போக வேண்டுமா கால்மாடு முதலில் போக வேண்டுமா என்று இரண்டு பெரியவர்கள் பிடுங்குப்படத் தொடங்கினார்கள். கந்தோர் ஐயா மெத்தையின் மேல் காத்திருந்தார்.

“கெதியாச் சொல்லுங்கோ, கை வலிக்குது,” என்றார் மேசையில் நின்ற ஒருவர்.

“அன்னத்திலை முட்டப்போகுது,” என்றது கைபேசி.

கால்மாடு முதலில் என்று முடிவானது. பெட்டி மெல்ல ஒழுங்கைப் பக்கம் சரிந்தது. அப்போது வாங்கு ஒன்றின் கால் முறிந்தது. வெளியே நின்ற இரண்டு பேர் கீழே போனார்கள், பெட்டி வழுக்கியது. பஞ்சமிப் பெட்டி வீட்டுவாசலில் நிலத்தில் விழுந்தால் என்னவாகும் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மாலா அக்காவின் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையும் இல்லை. பாய்ச்சல் அண்ணை மதிலிலிருந்து பெட்டிக்கு முதல் குதித்து, பெட்டிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். வழக்கமாகக் குதித்தால் உருண்டுவிடுவார். அன்று உருள முடியாது. பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கியது. அந்தக் கால் மடிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பெட்டி நிலத்தில் படவில்லை. எட்டுப் பேரும் ஓடி வந்து அதைத் தூக்கினார்கள், பறை அடித்தது, ஊர்வலம் போய்விட்டது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அதனால்தான் ஒழுங்கையில் நானும் அம்மாவும் மிஞ்சினோம். பாய்ச்சல் அண்ணை மதிலோடு சாய்ந்து இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பெட்டி பழுதோ பிள்ளை?”

“இல்லை அண்ணை.”

“அக்கா?”

“உள்ளை போயிட்டா. ஒண்டுமில்லை.”

“அன்னம்?”

“இருக்குது அண்ணை.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுத்தான் தன் காலைப் பார்த்தார். பார்த்ததும் அம்மாவின் மடியில் மயங்கினார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குள் தகடு வைத்து ஆணி பூட்டினார்கள். நடக்கலாம் என்றார் டொக்டர். ஓடுவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார். பாய்வதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாத முடிவில் வாசிகசாலைக்காரர் சொன்னபடியே வந்தார்கள். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய்ச்சல் அண்ணை உள்ளே, காலைத் தலையணையில் வைத்தபடி படுத்திருந்தார். அவர்களில் பெரியவர் ஒருவர்தான் பேசினார்.

“பூமணி, உவன் இருக்கட்டும்.”

“ஏன் ஐயா?”

“இனிப் பாயமாட்டான் தானே.”

அம்மா படலையை விடவில்லை. “கால் நல்லா இருந்திருந்தால் எழுப்பியிருப்பியளோ?” என்று கேட்டார். பெரியவர் வந்த வழியைப் பார்த்தார். “நல்ல பெடியன், இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு எல்லோரும் போனார்கள்.

மாலா அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இப்போது தவழ்கிறாள். பாய்ச்சல் அண்ணையை மலர்ச்சாலையில் கதிரையில் இருத்தி, பூ கட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடியை ஊன்றிக்கொண்டு போய் வருகிறார். எதிரில் வருகிறவர்கள் நின்று சுகம் விசாரிக்கிறார்கள். ஒழுங்கைக்கு அவரில் இப்போது ஒரு குறையும் இல்லை.

பின்னேரங்களில் முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். அவர் பேசாமல் இருக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் வேலையால் வந்ததும் முகம் கழுவாமலே பக்கத்தில் இருந்து, செயலகத்தில் அன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் கதைக்கிறேன். ஒன்றும் நடக்காத நாள்களில் புளுகுகிறேன்.